அக்காவின் கிட்னியும் என் பதினான்கு மருக்களும்

அக்கா கொடுத்த கிட்னி என்னோடு சண்டை போட்டு, கோபத்தில் என் விரல் வழியாக வெளியே வருகிறது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்த மூன்றாம் வருடம் கையில் பதினான்கு மருக்கள் முளைத்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருபவன் நான். பௌர்ணமிக் கூட்டத்திலும் கையுறை மாட்டிக்கொண்டு, சாவியை யார் கையிலும் கொடுக்காமல் மேசைமேல் தள்ளிவிட்டேன். கேட்டவர்களிடம், "வைரம் கடத்துறேங்க" என்றேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. நான்கு மாதம் அக்காவைப் பார்க்கவே போகவில்லை. அவள் கொடுத்ததை வீணாக்கிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு நாள் அவளே லாட்ஜுக்கு வந்து கையுறையை உருவினாள்.

"தொடாதக்கா, ஒட்டிக்கும்."

"ஒட்டினா ஒட்டட்டும். என் கிட்னியே உனக்குள்ள கிடக்குது, மருவுக்கா பயப்படப்போறேன்? எழுந்திரிடா, டாக்டர்கிட்ட போலாம்."

ரத்தப் பரிசோதனையில் கிட்னி நன்றாகவே இருந்தது. அதைக் காக்கும் மாத்திரை உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குவதால், மரு வைரஸ் பிடிவாதமாகத் தங்கிவிட்டதாம்.

"நீங்களா மாத்திரைய கம்மி பண்ணிடாதீங்க" என்று எச்சரித்த டாக்டர், தானே அளவைச் சற்றுக் குறைத்தார். மூன்று வாரத்துக்கொரு முறை திரவ நைட்ரஜன் வைத்து மருக்களை உறையவைத்தார். அந்தக் குளிர் நெருப்பாய் எரியும்போதெல்லாம் என் இன்னொரு கை அக்காவின் கைக்குள் இருந்தது.

எட்டு மாதத்தில் பன்னிரண்டு மருக்கள் போயின. இரண்டு இன்னும் இருக்கின்றன.