பந்தல் ஏறாத அவரை

அவரைக்காயை உரித்தால் விரல் நுனியில் எண்ணெய்ப் பசையோடு ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரவுச் சாப்பாடு வரைக்கும் போகாது. எங்கள் தெருவின் கன்னடக்காரர்கள் அதைச் "சொகடு" என்பார்கள். எங்களுக்கும் அதற்கு வேறு பெயர் தெரியாது. நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. அதில் அம்மா ஆண்டுதோறும் ஆடியில் அவரை ஊன்றி, துணி காயப்போடும் கம்பியிலேயே பந்தல் கட்டி, மார்கழிக் குளிரில் முறம் முறமாகப் பறிப்பாள். கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. பிறந்த வீடு கைமாறி, அங்கே கேட்டு வாங்க ஆளில்லாமல் போனபிறகு, அந்த விதைமேல் அவளுக்கு இருந்த பிடிப்பு சொல்லி மாளாது. காய் பார்க்கக் கடைக்காய் மாதிரி பச்சையாகத்தான் இருக்கும். பிளந்தால் இளம் பருப்பிலேயே ஊதா ஓடியிருக்கும். வெந்தால் அந்த நிறம் போய்விடும். அதனால் உட்கார்ந்து உரிக்கிற எனக்கும் அவளுக்கும்தான் அது தெரியும், தட்டில் பார்க்கிற அப்பாவுக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதான அந்த ஆடியில் அம்மாவை நெஞ்சு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். கிளம்பும்போது அவள் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "ஆடி தாண்டறதுக்குள்ள அவரைய ஊனிடுங்க. விதை பாட்டில்ல இருக்கு."

அப்பா லேத் பட்டறைக்காரர், இரும்பைத் தவிர எதையும் தொட்டு வளர்த்தவரில்லை. ஆனால் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் அதைச் சொன்னதற்கு ஒரு படி மேலே செய்யாமல் அவரால் இருக்க முடியாது. எங்கள் வீட்டைப் பிடித்த பீடையே அதுதான். சாணியும் சாம்பலும் போட்டு அம்மா பழக்கியிருந்த மண்ணை அவர் "சத்து செத்த மண்ணு" என்று தீர்மானித்தார். அவர் ஊரில் கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்களாம். பஸ்ஸில் போகும்போது ஓர் ஏரிக்கரையில் தூர்வாரிக் குவித்திருந்த கரிய மண் கண்ணில் பட, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து ஆறு சிமெண்ட் சாக்கு நிறைய அள்ளி வந்துவிட்டார். அந்த ஏரியில் தண்ணீரைவிட நுரைதான் அதிகம் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஏரி என்றதும் அவர் மனதில் வந்தது அவர் ஊர் ஏரி, அவ்வளவுதான். சாக்கைப் பிரித்தபோது சலவை சோப்பும் ஏதோ மருந்தும் கலந்த நாற்றம் அடித்தது. "வண்டல் புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றார்.

முதலில் ஊன்றிய விதைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. சத்து போதவில்லை என்று இன்னும் இரண்டு சாக்கு கொண்டுவந்து கொட்டி, மறுபடி ஊன்றினார். இந்த முறை நாலு முளை எட்டிப் பார்த்து, இரண்டிலை விட்டதும் ஓரம் கருகி மடங்கின. மூன்றாவது முறை பாட்டிலையே கவிழ்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு பிடி எடுத்து வையுங்கள் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதுவும் கருகி எல்லாம் முடிந்தபிறகு பக்கத்து வீட்டு ஜெயம்மா ஆன்ட்டி மண்ணை முகர்ந்து பார்த்து, "அய்யோ, அந்தக் கெரெ மண்ணாண்ணா? எல்லாம் ஆசிட் தண்ணி வர்ற ஏரி ஆச்சே!" என்றாள். அப்பா அவளிடம் விதை கேட்டார். அம்மா கொடுத்ததையெல்லாம் குழம்பு வைத்துத் தின்றுவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் அம்மா வாராவாரம் கேட்டாள். அப்பா முதல் வாரம் "முளைச்சிடுச்சு" என்றார், அப்புறம் "கொடி ஓடுது", அப்புறம் "பூ வெச்சிருக்கு". ஒரு பொய்யை ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். நானும் தலையாட்டினேன்.

மார்கழியில் சிவாஜிநகர் மார்க்கெட்டில் அவரைக்காய் வாங்கி, கடைப் பையை மாற்றி, வீட்டுத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனோம். அம்மா மிகவும் இளைத்திருந்தாள். அப்பா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், அவள் ஒரு காயை எடுத்து நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே பருப்பு வெறும் பச்சை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அந்தக் காயை மறுபடி மூடி, இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திச் சேர்த்து, பையின் அடியில் தள்ளினாள். அப்பா வந்ததும், "நல்லா காய்ச்சிருக்குங்க. விதைக்கு நாலு முத்த விடுங்க" என்றாள். அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

அந்தப் பின்கட்டு மண்மேல் இப்போது மூன்று மாடி நிற்கிறது. அந்த ஏரிக்குக் கம்பி வேலி போட்டு, நடைபயிற்சிக்குப் பாதை அமைத்திருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிவிட்ட அப்பா என்னோடுதான் இருக்கிறார். குளிர்காலத்தில் நான் அவரைக்காய் வாங்கி வரும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து உரிப்பார். பாதியில் கை நின்றுவிடும்.

"பாப்பா, உங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, இல்ல?"

"தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருக்கும் காயை வாங்கி நானே உரிக்கிறேன்.