சேர்த்தியில்லாத ஞாயிறுகள்

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் துக்க நாட்கள். பெண்கள் பூ வைக்கமாட்டார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். பாட்டுகளைக்கூட இழுத்து இழுத்து, யாரோ இறந்துபோன வீட்டில் பாடுவதுபோலத்தான் பாடுவார்கள். சங்கரன்கோவிலில் அப்போது எங்களுடையது சின்னச் சபை. அதில் லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் எப்போது வரும் என்று ஆசையாகக் காத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

அப்பா லெந்தில் குடிக்கமாட்டார்.

ஏன் அப்படி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் இருந்தாராம். சாராயக்கடைகளை அரசாங்கமே ஏலம் விட்டுத் திறந்திருந்த வருஷங்கள் அவை. தறிக்கூடத்தில் வேலை முடிந்ததும் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டு வருவது அப்பாவுக்கு வழக்கம். அப்படிப்பட்டவர் சாம்பல் புதனன்று காலையில் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆராதனையில் முன்வரிசையில் முழங்காலில் நிற்பார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கருப்பட்டிக் காப்பிதான்.

அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் வேலை பார்த்தவர் எங்கள் தெருக்காரர். சாயங்காலம் வாசலில் நின்று கேலி பேசுவார்.

“என்ன வே, சாமியாராப் போயிட்டீரா? நாப்பது நாளைக்கு ஒம்ம பங்கையும் நாந்தான் குடிக்கணும் போல.”

“குடியும் வே. ஈஸ்டருக்கு வந்து சேந்துக்கிடுதேன்” என்று அப்பா உள்ளேயிருந்தே சிரிப்பார்.

அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் பேச்சு இருக்கும். அப்பா பழைய நார்க்கட்டிலைப் பிரித்துப் புதிதாகப் பின்னுவார். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிப்போம். அம்மா வீட்டிலிருந்து தறிக்கு நூல்தார் சுற்றிக் கொடுப்பாள். ராட்டையைச் சுற்றிக்கொண்டே அவள் ஏதாவது சொல்வாள்; அப்பா பதில் சொல்வார்; அவள் சிரிப்பாள். மற்ற மாதங்களில் அம்மாவுக்குப் பல் இருக்கிறதா என்றே தெரியாது. தலையில் பூ இல்லாமல், துவைத்து வெளுத்த சேலையில், ஆண்டவருடைய பாடுகளை நினைத்து அழவேண்டிய மாதத்தில் அவள் அப்படிச் சிரிப்பது சரிதானா என்று எனக்கே சில நேரம் பயமாக இருக்கும்.

ஈஸ்டர் வந்தால் எல்லாம் முடிந்துவிடும். அதிகாலை ஆராதனையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். அது வேறு எங்கோ இருக்கும். இயேசு உயிர்த்தெழுந்த நாளை நினைத்துப் பயந்த பிள்ளை அந்தச் சபையில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. எனக்குப் பத்து வயது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. லெந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணிப் பார்த்தேன். சாம்பல் புதனை ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாற்பதாவது நாள் குருத்தோலை ஞாயிற்றில் வந்து நின்றது. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுபடியும் எண்ணினேன். அப்படியேதான் வந்தது.

லெந்து நாற்பது நாள் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அப்பா மட்டும் ஒருநாள் இப்படி எண்ணிப் பார்த்துவிட்டால் ஒரு வாரம் முன்னாலேயே தண்டவாளத்தைத் தாண்டிவிடுவாரே. அந்த ஒரு வாரத்தை எப்படியாவது காப்பாற்றவேண்டும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் உபதேசியாரிடம் போய் நின்றேன். சபையை அன்றாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். குருவானவரான ஐயர் மாதத்தில் ஒரு தடவைதான் வருவார். நான் யாரிடமும் எதுவும் கேட்கிற பிள்ளை இல்லை. பெயரைக் கேட்டால் சொல்லவே நேரமாகும். அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது.

“என்ன வே, நீரு வாயத் தொறந்துட்டீரு. மழை வரப்போவுது” என்றார்.

நான் எண்ணிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரிய பையன்களைப் பார்த்து, “கேட்டியளால? ஒங்கள்ல ஒருத்தனாவது எண்ணிப் பாத்தியளா?” என்றார். பிறகு என் தோளில் கைவைத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் உயிர்த்த நாள். லெந்துக்குள் வந்தாலும் அது சந்தோஷ நாள்தான். அன்றைக்கு உபவாசம் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேர்த்தி இல்லை. ஆறு ஞாயிறுகளையும் கழித்தால் சரியாக நாற்பது வரும்.

நான் ஓடினேன். வழியெல்லாம் ஆறு, ஆறு என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். லெந்து நாற்பது இல்லை, நாற்பத்தாறு. அதை இனி யாராலும் குறைக்கமுடியாது. வீட்டுக்கு ஆறு நாட்களைச் சம்பாதித்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் சொன்னேன்.

“எப்பா, லெந்து நாப்பது நாளு இல்ல. நாப்பத்தாறு நாளு.”

“யாருல சொன்னா?”

“உபதேசியாருதான் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை சேத்தி இல்லியாம். அது சந்தோஷ நாளாம். அன்னைக்கு உபவாசமெல்லாம் கிடையாதாம்.”

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. “சோத்தத் தின்னுட்டு எந்திரில. என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு” என்றாள். பெரிய பையன்கள் முன்னால் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “நல்லா கேட்டியா?” என்றார்.

“சத்தியமா. எல்லாரு முன்னாடியுந்தான் சொன்னாரு.”

அவர் கை கழுவினார். கொஞ்ச நேரம் கட்டிலில் படுத்திருந்தார். நாலு மணி இருக்கும், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா வாசல் வரைக்கும் போய், “என்னங்க” என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நானும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தண்டவாளத்துப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இனிமே வேதக்கோயில்ல கேக்கதெல்லாம் இங்கன வந்து சொல்லாத” என்றாள். அவ்வளவுதான். ராட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தார் சுற்றி நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா சட்டத்தை மீறவில்லை. அதைச் சொல்லவேண்டும். திங்கள் முதல் சனி வரை ஒரு சொட்டு தொடமாட்டார். ஆராதனைக்கு வருவார், முழங்காலில் நிற்பார், வீடுவீடாக நடக்கிற லெந்து ஜெபத்துக்கும் வருவார். ஞாயிறு மத்தியானம் மட்டும் போவார். ஆனால் முன்பெல்லாம் லெந்தில் அவர் எதற்கும் காத்திருந்ததில்லை. இப்போது வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார். கட்டில் பாதி பின்னியபடியே சுவரில் சாய்ந்துகிடந்தது. திங்கட்கிழமை அவருக்குக் கை நடுங்கும். தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப்போட முடியாமல், துணி பாழாகி, முதலாளி இரண்டு தடவை அவரைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெள்ளி சனியில் சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவார். மற்ற மாதங்களிலாவது குடித்த அப்பா, குடிக்காத அப்பா என்று இரண்டு பேர் இருந்தார்கள். அந்த லெந்தில் இரண்டு பேருமே வீட்டில் இல்லாததுபோல இருந்தது.

தெருக்காரருக்குக் கொண்டாட்டம். “ஒம்ம மகன் பெரிய ஆளுதான் வே. பைபிள்லயே வழி கண்டுபிடிச்சுக் குடுத்துட்டானே” என்று வாசலில் நின்று சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

“நீதானல கெடுத்த? நீயே போய்ச் சரிபண்ணு.”

“நான் என்னத்தச் சரிபண்ண?”

“உபதேசியாரு மாத்திச் சொல்லிட்டாருன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமையும் சேத்திதான்னு சொல்லு. ஒனக்குத்தான் வாய் இருக்கே.”

பொய் சொல்வது பாவம், அதுவும் லெந்தில். ஆனாலும் அன்று முழுவதும் அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அப்பா சுற்றுச்சுவர் ஓரமாக நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் நேரே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

“எப்பா, உபதேசியாரு அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டாராம். ஞாயித்துக்கிழமையும் சேத்திதானாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உபதேசியார் பத்தடி தூரத்தில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு மெதுவாக எண்ணினார். உதடு அசைந்தது.

“ஞாயிறும் சேத்தின்னா, இன்னையோட நாப்பது முடிஞ்சிட்டேல” என்றார்.

எந்தக் கணக்கை அவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று உபதேசியாரிடம் ஓடினேனோ, அதே கணக்கை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். நாளை திங்கள். பெரிய வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அப்பா குத்துக்காலிட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு மக்கா. சேத்தியா, சேத்தி இல்லியா?”

அவர் என்னை மக்கா என்று கூப்பிடுவது அபூர்வம். நான் யோசித்தேன். சேர்த்தி என்றால் லெந்து இன்றோடு முடிந்தது. சேர்த்தி இல்லை என்றால் இன்று ஞாயிற்றுக்கிழமை. எதைச் சொன்னாலும் இன்று போய்விடுவார். சேர்த்தி இல்லை என்றால் நாளையிலிருந்து ஆறு நாளாவது மிஞ்சும். அவர் அவசரப்படுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். அம்மாவும் அக்காவும் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“சேத்தி இல்லப்பா” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, “சரில” என்று எழுந்தார். தன்னுடைய குருத்தோலையை என் கையில் கொடுத்தார். தண்டவாளத்துப் பக்கம் நடந்தார்.

நான் மிச்சம்பிடித்த ஆறு நாட்கள் மிஞ்சவில்லை. திங்களும் குடித்தார், செவ்வாயும் குடித்தார். பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர மும்மணி ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது அப்பா பஸ் ஸ்டாண்டில் விழுந்துகிடப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அம்மா முழங்காலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு முதலாளி அப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நான் அதே தறிக்கூடத்துக்குப் போனேன். அடுத்த வருஷம் சாம்பல் புதன் வந்தபோது அப்பா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு லெந்து வரவில்லை. நாலு வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

அவர் செத்த வயதை நான் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவருக்கு எண்ணத் தெரியும். வேதத்தை என்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஏன் பத்து வயதுப் பையன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார்? போகாதீங்கப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நின்றிருப்பாரா என்றால், நின்றிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவ்வளவு நேரம் காத்திருந்தார். ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குச் சரியான பதில்தான் அவருக்கு வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.