ராஜாமணி அக்கா திரும்ப இறக்கிய பெட்டிகள்

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது ராஜாமணி அக்காவின் மகள் கவிதா போன் செய்தாள். "அம்மா போயிருச்சுங்கக்கா" என்றாள். மதியம்வரை விடுப்புக் கிடைக்கவில்லை. கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, போன வருடம்வரை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

துடியலூர் யூனிட்டில் எங்களோடு இருந்துவிட்டு வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்ட உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவைத் திட்டாதவர்கள் நம்மில் யார்? நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது டேட்டா சென்டர்களில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பேட்ச் கார்டு என்ற கண்ணாடி இழைக் கேபிள். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு கனெக்டருக்குள் பன்னிரண்டு கண்ணாடி இழைகள் வரிசையாக நிற்கும். ஒன்றின் முனையில் தூசி ஒட்டினாலும் அந்த வழியில் வெளிச்சம் சரியாகப் போகாது. முனைகளைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. அக்கா அவற்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் சொல்வார். பூ வைத்துக்கொண்டு யாரும் அந்த அறைக்குள் நுழைய முடியாது. பவுடர் வாசனை வந்தாலும் போச்சு. "மூஞ்சியக் கழுவிட்டு வா அம்மணி, உன்ற அழகு கேபிளுக்கு வேண்டாம்" என்பார்.

போன வருடம் ரிஜெக்ட் கூடிக்கொண்டே போனது. நான் துடைத்துக் கொடுத்ததையே திரும்பத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "தூசி இருக்குது கண்ணு." ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கீங்கக்கா இருக்குது? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே!" என்று கத்திவிட்டேன். அக்கா திரையிலிருந்து பார்வையை எடுத்து, எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"செவுத்துலயும் இருக்குது" என்றார்.

சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியிருந்தது. தூசி என்று அவர் பார்த்தது கண்ணுக்குள் மிதந்த கறுப்புப் புள்ளிகளை. அந்த நாற்காலியை நம்பித்தான் அவர் வீடு ஓடியது. "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எனக்கு ரெண்டு நாளாவே சந்தேகந்தான். கண்ணுல இருக்கறதுன்னு நெனச்சு, நெசத் தூசியவும் விட்டுப்போட்டேனோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அவர் பாஸ் சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டிருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். முதலாளி ஓடிவந்து சத்தம் போட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "கேபிள் நல்லாக்கூட இருக்குமுங்க. ஆனா நான் பாத்தேன்னு சொல்ல முடியாதுங்க."

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பார்த்தோம். ஒன்றுகூடக் கெட்டதில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். ஒரு பழுதாவது கிடைத்திருக்கக் கூடாதா? சரக்குத் தாமதமானது. அக்காவைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள், என்னை அவர் இடத்தில் உட்காரவைத்தார்கள். கனெக்டருக்கு மூடி மாட்டும் வேலையைத் தடவித் தடவிச் செய்தார். சில மாதங்களில் அதுவும் முடியாமல் வீட்டோடு நின்றுவிட்டார்.

கடைசியாகப் போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பார்வை முழுக்கப் போய்விட்டது. சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. கவிதா என்னை வராந்தாவிலேயே மறித்து, "தெம்பா இருக்கீங்கன்னு சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

என் குரலைக் கேட்டதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "என்ற மூஞ்சி எப்படி இருக்குது கண்ணு? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பார்த்த பிறகு என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. "வீங்கிப்போயிருக்குதுங்கக்கா. அடையாளமே தெரியலீங்க."

கவிதா வெடித்து அழுதாள். அக்கா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எல்லாரும் பாக்காமயே நல்லா இருக்குதுங்கறாங்க. நீ ஒருத்திதான் பாத்திருக்கறே."

இத்தனை வருடத்தில் என் வேலையை அவர் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான், வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அழுகையும் வருகிறது.