இரண்டாம் ஊசியும் காது மாஸ்டரும்

காகித ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காது மாஸ்டர் என்றால்தான் தெரியும். உருளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங்கின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். "நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் காலை வாரிடும்" என்பார். ஐந்தாம் நாள் அது காலை வாரும். இருபத்தாறு வருடமாக இதே கதைதான். மேலாளர் ஆசை ஆசையாக வாங்கிய அதிர்வு அளக்கும் கருவி அலமாரியில் தூங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு உள்ளூர ஒரு குஷி.

அப்பேர்ப்பட்ட மனிதரையே கலங்கடித்தது ஒரு தடுப்பூசி.

மகனுக்குப் பத்தொன்பது வயது. மாலையானால் பந்தும் மைதானமும்தான் உலகம். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு படி விட்டு ஒரு படி தாவித்தான் ஏறுவான். முதல் ஊசியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கு நாள் குறித்த பிறகுதான் ஆலை கேன்டீனில் அந்தப் பேச்சு கிளம்பியது. ஊசி போட்ட சில வாலிபப் பையன்களுக்கு இதயத்தில் வீக்கம் வருகிறதாம். பாதிப் பேர் சுத்தப் புரளி என்றார்கள். மீதிப் பேர் பார்த்தது போலவே அடித்துச் சொன்னார்கள்.

"மாஸ்டரே, ஒத்தப் பிள்ளை. யோசிச்சுக்குங்க" என்றார் பாய்லர்காரர். அவருக்கு இரண்டு பெண்கள். இலவசமாகப் பயமுறுத்துவதில் அவருக்கு என்ன நஷ்டம்?

மாஸ்டர் யோசிக்காமல் இல்லை. ஆனால் போன வருடம் அந்த ஊசி தடுக்கும் நோயே பக்கத்து மெஷின்காரரைக் கொண்டுபோனதை அவர் பார்த்திருந்தார். பத்தே நாள். வெள்ளிக்கிழமை அவரிடம் கடன் வாங்கிய ஸ்பானரை மாஸ்டரால் திருப்பிக் கொடுக்கவே முடியவில்லை. அதனால் மகனைத் தானே அழைத்துப் போய், தானே வரிசையில் நின்று, தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

ஊசி போட்டதும் மகன் போய்க் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தான். நர்ஸ் ஒரு தாளை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, படபடப்பு. இதுல எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. ரொம்ப அபூர்வம்தான் சார். ஆனா வந்தா தள்ளிப்போடக் கூடாது. தம்பிகிட்டயும் சொல்லி வைங்க."

மாஸ்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அத்தோடு சரி. வீட்டில், அங்கே என்ன சொன்னார்கள் என்று மனைவி விசாரித்தபோது, "கை வலிக்குமாம்" என்றார். மகனிடமும் அதையேதான் சொன்னார். நெஞ்சு வலி என்று வாயைத் திறந்து சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். முட்டாள்தனம்தான். ஆனால் பெற்றவர்களின் பயத்தில் புத்திசாலித்தனத்துக்கு இடம் ஏது?

சொல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே! வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, "சும்மா நில்லுடா" என்று மகன் நெஞ்சில் காதை ஒட்ட வைத்தார்.

"அவன் என்ன உங்க மில்லு உருளையா? அந்த ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துட்டு வாங்களேன்" என்று மனைவி சிரித்தாள். மகன் ஆடாமல் அசையாமல் நின்றான். சத்தம் சீராக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

"எண்ணெய் விட்ட மாதிரி ஓடுது" என்றார் மாஸ்டர். அவருக்கு உயிர் வந்தது. ஆனாலும் அடுத்த வேளைக்குள் அது மறுபடி போய்விடும்.

மூன்றாம் நாள் காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்பிய மாஸ்டர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகனைப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்தான். உடம்பை முன்னால் மடித்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு படியாக ஏறியும் அவனால் முடியவில்லை. பால் பாக்கெட் எங்கே விழுந்தது என்று மாஸ்டருக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டோவில் உட்கார்ந்ததும், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டது இந்தக் கைதானே என்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இரண்டு மணி நேரம் வராந்தாவில் மனைவி அழ, மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் வெளியே வந்தார். "இதயத் தசையில லேசான வீக்கம். ஊசிக்கப்புறம் அபூர்வமா சிலருக்கு வரும். அந்த நோய் வந்தாலும் இது வரலாம். பெரும்பாலும் ஓய்வுலயே சரியாயிடும், ஆனா கொஞ்ச நாள் இங்கேயே வெச்சுப் பார்க்கணும். மாசக்கணக்குல ஓட்டம், பந்து எதுவும் கூடாது. நல்லவேளை, விளையாடப் போறதுக்கு முன்னாடி வந்தீங்க. வலி முந்தாநாளே ஆரம்பிச்சுதாமே?"

"முந்தாநாளா?" என்றார் மாஸ்டர். "நான் தினம் ரெண்டு வேளை காதை வெச்சுப் பார்த்தேனே டாக்டர்! சுத்தமா இருந்துச்சே!"

"வீக்கத்துக்குப் பெரும்பாலும் சத்தம் இருக்காதுங்க" என்றார் டாக்டர்.

மாஸ்டர் கட்டிலருகே போனார். மகன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா சொல்லல?"

"நீங்க காதை வெக்கிறப்பவே உங்க கை நடுங்கும்பா. வலிக்குதுன்னா எப்படித் தாங்குவீங்க? அதான் நீங்க எடுக்குற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூச்சு விட்டாத்தான் வலிச்சுது."

எந்த மெஷினும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டதில்லை. மாஸ்டர் பழக்கதோஷத்தில் மகன் மார்பின் மேல் குனிந்தார். பாதியிலேயே நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாகக் கேட்கப் பயந்ததை வாய்விட்டுக் கேட்டார்.

"இப்ப வலிக்குதாடா?"

மகன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குதுப்பா" என்றான்.