நாலு தறியும் நின்ற மத்தியானம்

எடப்பாடியில் எங்கள் தெருவில் ரகசியம் பேசுவது சுலபம். காதுக்குள் கத்தினாலும் மூன்றாம் ஆளுக்குக் கேட்காது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்கள் வீட்டில் நாலு. கல்யாணமாகி வந்த பதினான்கு வருடமாக நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். நெய்வது இரண்டு பேர். துணி போவதும் கூலி வருவதும் அவர் பேரில். அவர் மேல் குற்றமில்லை, ஊர் வழக்கம் அது. ஆனாலும் என் பேரில் ஒரு சம்பாத்தியம் வேண்டும் என்று எனக்கு வீம்பு. அதற்காகத்தான் போனில் சமையல் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

அரிசிம்பருப்புச் சோறு தாளித்தால் கடுகு வெடிக்கிற சத்தமே கேட்கவில்லை, தறிதான் கேட்டது. அதை மறைக்க எல்லா வீடியோவிலும் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டேன். ஆட்கள் நன்றாகத்தான் சேர்ந்தார்கள். வீடியோ போடுகிற தளத்தில் விளம்பரப் பணம் வருவதற்கு விண்ணப்பித்தபோது முடியாது என்று பதில் வந்தது. சொந்தச் சரக்குக்குத்தான் காசாம், பாட்டு என்னுடையது இல்லையாம். சோறு என்னுடையது, சட்டி என்னுடையது, வெந்த கை என்னுடையது. புது வீடியோக்கள் போட்டுவிட்டுத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்றது ஒன்றுதான் ஆறுதல்.

பாட்டு வேண்டாம் என்றால் அமைதி வேண்டும். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்க முடியுமா? ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது, கொதிக்கிற உலையை இறக்கச் சொல்வது மாதிரி. அதனால் மாதாந்திர மின்தடைக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு ஒரே நாளில் ஆறு சமையல், ஆறு புடவை. கரண்ட் இல்லாததால் மிக்சி இல்லை, அம்மியில் அரைத்தேன். பாரம்பரியத்தை விடாத அக்கா என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கரண்ட் இருந்திருந்தால் அந்த அம்மியின் மேல் தண்ணீர்க் குடம்தான் உட்கார்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

திரும்ப விண்ணப்பிக்க அந்த ஆறு போதவில்லை. அடுத்த மின்தடைக்கு முந்தின நாளே உளுந்து ஊறப்போட்டு, தேங்காய் உடைத்து, புடவை தேய்த்து வைத்தேன். ஒன்பது மணி ஆனது, பத்தும் ஆனது, கரண்ட் போகவே இல்லை. இந்த மாதம் மின்தடை கிடையாதாம். தெரு முழுக்கத் தறிகள் தடதடவென்று ஓடின. ஊறிய உளுந்தைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இனி ஒரு மாதம் யார் காத்திருப்பது?

தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "தறிக்காரி மெதுவாப் பேசுனா யாரு நம்புவா? நம்மகிட்டப் பேசற மாதிரியே பேசு" என்றார்.

அப்படியே பேசினேன். நாங்கள் தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவது பாதி தொண்டையிலும் பாதி கையிலும். உப்புக்கு இரண்டு விரல், தண்ணீருக்குச் சாய்த்த கட்டைவிரல், போதும் என்பதற்கு விரித்த உள்ளங்கை. உளுந்து வடையை அப்படிக் கத்திக் கத்தியே சுட்டு முடித்தேன். அது என்ன சத்தம் என்று பார்த்தவர்கள் கேட்டதால், அடுத்த வீடியோவில் போனைத் திருப்பித் தறியையும் காட்டினேன். அப்படியே பத்து வீடியோ போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பித்தேன்.

பதில் ஒரு மத்தியானம் வந்தது. அவர் கடைசித் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். இந்தக் கோடியில் நின்றே, கிடைத்துவிட்டது என்று வாயசைத்தேன். என் உதட்டைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு தறியாகப் போய் ஓடிய மூன்றையும் நிறுத்தினார்; நாலும் நின்றன. இழை அறுந்தால் ஒரு தறியை நிறுத்துவார், அவ்வளவுதான். மூத்த மகள் பிறந்த சேதி வந்தபோதுகூடத் தறியில் ஓடிய துணியை நெய்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்த மனிதர் அவர்.

பக்கத்தில் வந்து நின்றார். "ஒதட்டுல பாத்துட்டேன். காதுல கேக்கோணும், சொல்லு."

"கெடச்சிருச்சுங்க. என்ற பேர்ல."

அக்கம்பக்கத்துத் தறிகள் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தன. காதில் விழவில்லை என்று தலையாட்டினார். தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினேன்.