அண்ணி அளந்த மீன்

எங்கள் அண்ணிக்குக் கரையில் 'பலகை' என்றுதான் பெயர். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மீன் அளக்கும் வேலை. அவள் அளக்கிற பலகையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தொடாத மீன் ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு. அதைப் பிடித்துவரும் படகு ஒரு வாரம் கடலுக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் கூடிச் சட்டம் போட்டார்கள். அண்ணியை அந்த வேலைக்குச் சொன்னதே என் அண்ணன்தான். "என் பொண்டாட்டியப் போடுங்க, அவ யார் மூஞ்சியையும் பாக்க மாட்டா!" என்று கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினான். வாய் சும்மா இருக்குமா அவனுக்கு!

சட்டம் அமலுக்கு வந்த அன்றைக்கே குஞ்சு மீனோடு வந்து நின்றது யார்? சாட்சாத் அவனேதான். பொண்டாட்டிதானே என்ற நினைப்பு. எனக்கு வந்த கோபத்துக்குக் கூடையை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கரையே வேலையை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தது. புருஷனை விட்டுவிட்டால் சட்டம் அன்றோடு செத்தது. ஆளாளுக்குப் பழைய நெருக்கமான வலையை எடுத்துக் கடலைத் துடைத்துவிடுவார்கள்.

அண்ணி ஒரு மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள். வால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் இழுத்து வச்சுப் பாரேன்," என்று குழைந்தான் அண்ணன்.

"இழுக்கறதுக்கு இது என்ன ரப்பரா? படகக் கட்டுங்க."

விசில் பறந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் அவன் வீட்டில் அடங்கிக் கிடந்தானா? அதுதான் இல்லை. அண்ணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"டேய் மச்சான், அடியில ஒளிச்சு வச்சிருக்கியே, அதையும் எடு! எனக்கு மட்டும்தான் அளப்பாளா?"

அவன் தொல்லை தாங்காமலே பாதிப் பேர் வலையை மாற்றினார்கள். அண்ணிக்குத்தான் உயிர் போயிற்று.

"கடலுக்குப் போய்த் தொலைங்களேன்!"

"போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன!"

வாரம் முடிந்து, குஞ்சுகள் நழுவிப் போகிற பெரிய கண் வலையோடு போய்த் திரும்பினான். கூடையில் மொத்தமே நாலைந்து மீன். கரை கொல்லென்று சிரித்தது. அண்ணி ஒன்றை எடுத்து வைத்தாள். வால் கோட்டைத் தாண்டி, பலகையையும் தாண்டித் தொங்கியது.

புருஷனைத் தடுத்தபோது கலங்காதவள், இப்போது ஊர் பார்க்க அழுதாள்.

"அய்யய்யோ, பெருசா இருந்தாலும் படகக் கட்டணுமா?" என்று பதறினான் அண்ணன்.