தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு நீலச் சட்டை

போன மாதம் என் ஓவியங்களைப் பார்த்துவிட்டு ஒரு வேன் நிறையப் பெண்கள் பூஜைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். இத்தனைக்கும் நான் வரைந்தது சாமி படம் இல்லை. வெறும் செம்பனைத் தோட்டம்... அதுவும் பாஸ்டலில்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ரெங்கம் என்ற சிற்றூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து நானும் என் வீட்டுக்காரரும் பாசிர் கூடாங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பந்தியில் ஊற்றும் இனிப்புச் சிராப் தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சிம்பாங் ரெங்கம் போய் ஹைவே ஏறுவதற்குள் அவருக்கு அவசரம் வந்துவிட்டது. காரை ஓரம் கட்டினார். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை வரிசைகளுக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதை நோக்கி வேகமாக நடந்தார்.

நம் ஊரில் இதற்கென்று ஒரு முறை உண்டு, உங்களுக்கே தெரியும். காட்டிலோ தோட்டத்திலோ மரத்தடியில் ஒதுங்கினால், முதலில் அங்கே குடியிருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் போய்க் காய்ச்சலில் படுத்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கைகூப்பி, தலை குனிந்து, தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை கேட்பார். மரத்தில் இருப்பவர் எந்த மொழிக்காரர் என்று நமக்கு எப்படித் தெரியும்?

நான் காருக்குள்ளேயே இருந்தேன். சாயங்கால வெயில் செம்பனை ஓலைகளில் சரிந்து விழுந்தது. அவ்வளவு அழகு. போனை எடுத்து ஒரே ஒரு கிளிக். அவர் அனுமதி கேட்கும் கட்டத்தில்தான் எடுத்தேன் — அடுத்த கட்டத்தில் இல்லை. எனக்கும் விவஸ்தை உண்டு.

சனிக்கிழமைகளில் நான் மாசாயில் ஒரு பாஸ்டல் வகுப்புக்குப் போகிறேன். பாஸ்டல் என்பது பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போலத்தான் இருக்கும். விலையைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம். சொரசொரப்பான தாளில் தேய்த்து, விரலால் இழைக்க வேண்டும். நிறம் பாதி தாளுக்கு, பாதி மூக்குக்கு. ஒரு தும்மல் போட்டால் வானமே கலைந்துவிடும்.

எங்கள் சீன டீச்சர் மிஸ் ஓய் ஒரு வேலை கொடுத்தார். ஒரே போட்டோ, அதிலிருந்து ஆறு படம். காலை, மதியம், மழை, புகைமூட்டம், மாலை, நிலா. இடம் மாறக் கூடாது, வெளிச்சம் மட்டும்தான் மாற வேண்டும் என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறையும் முடிப்பவர்களின் படங்கள் பேரங்காடியில் கண்காட்சிக்குப் போகும். பேரன் பேத்தி எடுத்த வயதில் எனக்கு முதல் கண்காட்சி. விடுவேனா?

காலைப் படத்தில் என் வீட்டுக்காரர் வெறும் நீலப் புள்ளி. மதியத்தில் அந்தப் புள்ளி சட்டையானது. மழையில் கூப்பிய கை வந்துவிட்டது. புகைமூட்டத்தில் தொப்பை. என்ன செய்வது, வரைய வரையக் கை தேறுகிறதே! மாலைப் படத்தில் வெயில் அவர் வழுக்கையில் பட்டு மின்னியது. அந்த ஒரு வெள்ளைத் தீற்றலுக்காக மிஸ் ஓய் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் அவர் கவனித்தார்.

"இது நான்தானே?"

"யாரோ ஒரு மனுஷன்ங்க."

"எங்க அக்கா தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த சட்டை எனக்குத் தெரியாதா? அழிச்சிடு லா."

"அழிச்சா எல்லா நெறமும் கலந்து சேறு மாதிரி ஆயிடும்."

"எலெக்‌ஷன் வருதுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு? ஒன்னுக்குப் போன ஆளுன்னு ஊரே சிரிக்கும்."

எனக்கு ஞாபகம் இல்லாமலா? எங்கள் கோயில் நிர்வாகத்தில் பல வருஷமாகச் செயலாளராக ஓடியாடி உழைத்தவர், இந்த முறை தலைவர் பதவிக்கு நிற்கிறார். அந்த நாற்காலி மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். மனசு கேட்காமல் மிஸ் ஓயிடம் போய், அந்த ஆளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அவர் போனால் வெறும் மரம்தான் மிஞ்சும், படத்துக்கு உயிரே அவர்தான்" என்று மறுத்துவிட்டார். கட்டிக்கொண்ட எனக்கு இத்தனை வருஷத்தில் இது தோன்றவே இல்லை.

கண்காட்சி அன்று ஆறு படமும் வரிசையாகத் தொங்கின. கோயில் பொருளாளர் சரோஜா அக்கா, தன் திருவிளக்குப் பூஜைப் பெண்களோடு வந்தார். என் வீட்டுக்காரர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். அக்கா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். நிலாப் படத்துக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மழையிலயும் கும்புடுறாரு, பொகையிலயும் கும்புடுறாரு, ராத்திரியிலயும் அங்கயே நிக்கிறாரு. தம்பி, இது நீங்கதானே?"

கேட்டீர்களா கதையை? ஒரு சாயங்காலம் ஒரு நிமிஷம் நின்ற மனிதரை நான் ஆறு வேளையும் நிற்க வைத்துவிட்டேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடக்கமாகத் தலையை ஆட்டி, "ஏதோ, நம்மளால முடிஞ்சதுக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமிச் சமாளித்தேன்.

படம் பார்க்கிறவர்கள் அதில் இருப்பதையா பார்க்கிறார்கள்? மிஸ் ஓய் வெளிச்சத்தைப் பார்த்தார். சரோஜா அக்கா பக்தியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வாக்குகளைப் பார்த்தார். அன்றைக்கே ஆறு படத்தையும் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்டுவிட்டார்.

தேர்தலுக்கு முதல் நாள் சரோஜா அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"தம்பி, அந்த மரத்துல ஏதோ சக்தி இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமைக்கு வேன் சொல்லிட்டேன். மஞ்சத் துணி கட்டி, பால் ஊத்தி, மரத்தடியிலயே பொங்கல் வைக்கப் போறோம். நீங்கதான் வழி காட்டணும்."

பால்... பொங்கல்... அதே மரத்தடியில். இவர் முகம் பாஸ்டல் வெள்ளையாகிவிட்டது.

"அது தோட்டத்துக்குள்ள இருக்குக்கா. வெளியாளுங்கள விட மாட்டாங்க."

"மேனேஜர்கிட்டப் பேசிக்கலாம்."

"மரத்தையே வெட்டிட்டதா கேள்விப்பட்டேன்."

"ஐயோ அலமாக், அப்ப நாளைக்கு எலெக்‌ஷன் முடிஞ்ச கையோட போலாம் தம்பி. வேரையாவது கும்புட்டுட்டு வருவோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொன்னா தலைவர் பதவி போச்சு. சொல்லலைன்னா அந்த எடத்துல பொங்கல் வச்சுச் சாப்பிடுவாங்க." பக்தியாகத் தலையை ஆட்டியவர் அவர், பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். வாக்கெடுப்புக்கு முன்னால் சரோஜா அக்கா எழுந்து, மழையென்றும் பாராமல் மரத்தை வணங்கும் மகான் என்று இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மகான் நெளிந்தார். பிறகு சட்டென்று எழுந்துவிட்டார்.

"அக்கா, நான் அங்க சாமி கும்புடல. அனுமதி கேட்டேன்."

"எதுக்கு அனுமதி?"

கோயில் மண்டபத்தில் அதை வாயால் எப்படிச் சொல்வது? சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மண்டபமே வெடித்துவிட்டது. இவர் உட்காரவும் இல்லை, ஓடவும் இல்லை. காது சிவக்க அப்படியே நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

சரோஜா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஆளே இல்லாத காட்டுல, அவ்வளவு அவசரத்துலயும் ஒரு மரத்துக்கிட்ட நின்னு கேட்டுருக்காரு. இந்த மனுஷன் நம்மளக் கேக்காம எதையாச்சும் செய்வாரா?"

பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் தலைவராகிவிட்டார். வேனை மட்டும் கேன்சல் செய்தார்கள்.

அந்த மரத்தை விடியற்காலைப் பனியில் ஏழாவதாக ஒரு படம் வரைய எனக்கு ஆசை. இந்தத் தடவை ஒழுங்காக அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். நிர்வாகக் கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் தலைவர்.